பத்திரம் எரிந்த மறுநாள்

ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்த கல்விக்கடன் தவணை சென்ற ஆண்டு முடிந்தது. கடன் தீர்ந்ததற்கான சான்றிதழை வாங்கிவந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த நான்கு மாதங்களில் அந்தத் தவணைத்தொகை எங்கே போயிற்று என்று இன்றுவரை என்னால் கணக்குச் சொல்ல இயலவில்லை. கடன் இருந்தவரை தவறாமல் ஒதுக்கப்பட்ட பணம், கடன் தீர்ந்ததும் ஒதுங்க இடமின்றிக் கரைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடன் ஆவணங்களோடு காலம் கழிக்கும் ஒருவனுக்கு இது சற்று வெட்கக்கேடான செய்திதான். ஆனால் அந்த வெட்கத்திலிருந்தே ஒரு கேள்வி பிறந்தது. இந்தியக் குடியானவர் எப்படிக் கடன்பட்டார் என்பதைப் பற்றியும், அக்கடனை ஒழிக்க எத்தனை சட்டங்கள் வந்தன என்பதைப் பற்றியும் அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறோம். கடன் ஒழிந்த மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறோம்?

மறுநாள் என்று நான் சொல்வதற்கு ஒரு திட்டமான தேதி உண்டு. 1875 மே 12ஆம் நாள், புணே மாவட்டத்துச் சூபா என்னும் சந்தையூரில், சுற்றுவட்டாரக் குடியானவர்கள் திரண்டு சாவுகார்களின் கடைகளைச் சூழ்ந்தார்கள். அவர்கள் கேட்டவை கடன் பத்திரங்களும் கணக்கேடுகளும். கிடைத்தவற்றைத் தீயிலிட்டார்கள், தானியக் கடைகள் சூறையாடப்பட்டன, சில வீடுகளும் எரிந்தன. கலகம் அகமத்நகர் வரை பரவி முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தொட்டது. 951 பேர் கைதானார்கள். தக்காணக் கலகம் என்று நம் பாடநூல்கள் சொல்லும் நிகழ்ச்சி இதுவே. அதன் காரணங்களும் நம் மாணவர்களுக்கு மனப்பாடம்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பருத்தி விலையேற்றம், 1865க்குப் பின் வந்த வீழ்ச்சி, முப்பதாண்டுத் தீர்வை முடிந்து உயர்த்தப்பட்ட நிலவரி, கைமாற்றுத் தர மறுத்த சாவுகார்.

பாடநூல் கலகத்தோடு அத்தியாயத்தை மூடிவிடுகிறது. ஆனால் நாட்காட்டி மூடிக்கொள்ளவில்லை. 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டாண்டுகள் தக்காணத்தையும் மதராஸ் மாகாணத்தையும் சூறையாடிய பெரும் பஞ்சம் தொடங்கிற்று. பத்திரத்தை எரித்த கையில் பத்திரம் இல்லை, தானியமும் இல்லை. கடனிலிருந்து விடுபட்டவனுக்கும் சேமிப்பு உள்ளவனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை இதைவிடக் கொடுமையாகக் காட்டும் ஓராண்டு இடைவெளி நம் வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கலகத்தை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில் ஒரு பகுதியை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வதுண்டு. குடியானவர் கல்யாணத்திலும் திருவிழாவிலும் காசை இறைத்துத்தான் கடனாளி ஆகிறார் என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் உறுதியான நம்பிக்கை. ஆணையம் அதை ஏற்கவில்லை. அத்தகைய செலவுகள் எப்போதோ ஒருமுறை வருபவை. அவற்றைவிட உணவுக்கும் விதைக்கும் மாட்டுக்கும் சர்க்கார் தீர்வைக்குமாக அடிக்கடி வாங்கும் சிறுசிறு தொகைகளே கடனைப் பெருக்குகின்றன என்று அது கண்டது. ஊதாரித்தனம் பற்றிய உபதேசத்தை ஒரு காலனிய ஆவணமே மறுத்திருக்க, அந்த உபதேசம் மட்டும் இன்றுவரை ஓயாமல் ஒலிப்பது விந்தை.

ஆணையம் கண்டதை வேறு சொற்களில் சொன்னால் இப்படி: வரவு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிறது, செலவு நாள்தோறும் வருகிறது, தீர்வை ரொக்கமாகக் குறித்த தவணையில் கேட்கப்படுகிறது. இம்மூன்றையும் இணைத்துக் கட்டிய கயிறு சாவுகாரின் ஏடு. கசப்பான உண்மைதான், அந்த ஏடே அக்குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டமாகவும் இருந்தது. எப்போது எவ்வளவு எடுக்கலாம், அறுவடையில் எவ்வளவு போகும் என்பதை அது தீர்மானித்தது. ஏட்டை எரித்தபோது அநீதியான வட்டி மட்டும் எரியவில்லை. கையில் இருந்த ஒரே நிதி நாட்காட்டியும் எரிந்தது. அதன் இடத்தில் வைக்க வேறொன்று வேண்டியிருந்தது.

அரசு வைத்தது என்ன? 1879ஆம் ஆண்டின் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம். புணே, சாத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர் என்னும் நான்கு மாவட்டங்களுக்கானது. 1859இன் காலவரையறைச் சட்டம் வட்டி குவிவதைத் தடுப்பதற்காகக் கடன் பத்திரத்தின் ஆயுளை மூன்றாண்டாகக் குறைத்திருந்தது. சாவுகார் மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டியையும் முதலில் சேர்த்துப் புதுப்பத்திரம் எழுதிக்கொண்டார். 1879இன் சட்டம் அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் போய் மூலக்கடன் எவ்வளவு என்று ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. கடனுக்காகச் சிறையிலிடுவதை விலக்கியது. இவையெல்லாம் நன்கு அறியப்பட்டவை. பெரிதும் கவனிக்கப்படாத ஒரு பகுதி அதன் இறுதி அத்தியாயங்களில் இருக்கிறது: குடியானவர் செலுத்தும் தொகைக்கு ரசீது கேட்கலாம், ஆண்டுக்கொரு கணக்கறிக்கை கேட்கலாம், வரவும் பற்றும் பதியப்பட்ட ஒரு பாஸ்புக்கும் கேட்கலாம்.

இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுப் போகத் தோன்றுகிறது. இன்று பாஸ்புக் என்றால் சேமிப்பு நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தக்காணத்துக் குடியானவருக்குச் சட்டம் உரிமையாக்கிய முதல் பாஸ்புக், அவருடைய கடனின் புத்தகம். தம் கணக்கைத் தாமே கையில் வைத்திருக்கும் உரிமை கடனாளி என்ற தகுதியில்தான் அவருக்கு வந்தது. கடன் முழுதும் தீர்ந்தால் அப்புத்தகத்தின் வேலையும் தீர்ந்தது. அதற்கப்பால் எழுதச் சட்டத்திடம் பக்கம் இல்லை.

குடியானவருக்குச் சேமிக்கத் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. தக்காணத்தில் ‘பேவ்’ எனப்படும் நிலத்தடித் தானியக் குழிகள் நெடுங்காலமாக இருந்தவை. நல்ல விளைச்சலின் மிச்சத்தை மண்ணுக்குள் இறக்கி மூடிவிட்டால் கெட்ட ஆண்டுக்கு அது துணை. வீட்டுப் பெண்களின் வெள்ளிக்காப்பும் தொழுவத்து மாடும் அத்தகைய துணைகளே. ரொக்கத் தீர்வையும் ரொக்கக் கடனும் இந்தத் துணைகளின் பயனைச் சுருக்கின. விளைந்தது குழிக்குள் இறங்குமுன் களத்திலிருந்தே கைமாறிற்று. ஆகவே பழக்கம் இல்லாமல் போயிற்று என்பதைவிட, பழக்கம் குடியிருந்த இடம் இடிக்கப்பட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. அளவில் பெரிய முயற்சி. சிறுசேமிப்பை நாடெங்கும் கொண்டுசென்ற நிறுவனம் அதுவே. ஆனால் தொடக்க காலத்தில் அதன் பயனாளர்களில் மிகுந்திருந்தோர் மாதச் சம்பளக்காரர்கள். அறுவடைக் காசுக்காரருக்கு அஞ்சலகம் தொலைவிலும் இருந்தது, அவருடைய பருவத்துக்குப் புறம்பாகவும் இருந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வில்லியம் வெட்டர்பர்ன், ரானடே முதலியோர் புணேயில் ஒரு வேளாண் வங்கித் திட்டத்தை முன்வைத்தார்கள். புரந்தர் தாலுகாவில் முதலில் பழைய கடன்களை ஆராய்ந்து தீர்த்துவிட்டு, அதன்பின் குறைந்த வட்டியில் வங்கி இயங்கும் என்பது அதன் சாரம். கடன் தீர்ந்த மறுநாளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த திட்டம் அது. இந்திய அரசு இசைந்தது. லண்டனில் இந்தியச் செயலர் இசையவில்லை. திட்டம் கோப்பாகவே முடிந்தது.

மதராஸ் மாகாணத்தின் பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாகத் தந்த அறிக்கை ஜெர்மானிய ரைஃபைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. நம் ஊர் நிதிகளையும் அவர் ஆராய்ந்தார். உறுப்பினர் மாதந்தோறும் செலுத்தும் சந்தாவின்மேல் நின்றவை அவை. சிக்கனமும் கடனும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது அதன் பெயரிலேயே கடன் முந்திக்கொண்டது. பின்னர் நடைமுறையிலும் முந்திக்கொண்டது.

பஞ்சாப் ஓரளவு விலக்கு. அங்குள்ள கிராமச் சங்கங்களில் உறுப்பினர் தம் பங்குத்தொகையைப் பத்தாண்டுகளில் அரையாண்டுத் தவணைகளாகச் செலுத்தும் முறை இருந்தது. ரபி, கரீப் என இரண்டு அறுவடை கொண்ட நிலத்தில் அரையாண்டு என்பது தற்செயலான கணக்கன்று என்பது என் கருத்து. பயிரின் நாட்காட்டியோடு சேமிப்பின் நாட்காட்டி பொருந்திய அரிய இடம் அது. சிக்கனச் சங்கங்களும் அங்கே தோன்றின. அவற்றில் பள்ளி ஆசிரியர்கள் மிகுதி, பெண்களுக்கெனத் தனிச் சங்கங்களும் இருந்தன. இவற்றை அருகிருந்து கண்ட மால்கம் டார்லிங் 1925இல் வெளியிட்ட நூலில், ஆராயப்பட்ட நிலவுடைமையாளர்களில் 17 விழுக்காட்டினரே கடனற்றவர்கள் என்று கணக்கிட்டார். வறுமை மட்டுமன்றி வளமும் கடனைப் பெருக்கும், நிலத்தின் விலை ஏற ஏறக் கடன் தருவோரின் தாராளமும் ஏறும் என்ற அவருடைய வாதம் இன்றும் கூர்மை மங்காதது. ஆயினும் டார்லிங்கின் எழுத்தில் அவ்வப்போது தலைகாட்டும் பாதிரித் தொனியை என்னால் ரசிக்க முடிவதில்லை. அந்த 17 விழுக்காட்டினர் எப்படிக் கடனற்றிருந்தார்கள், காசை எங்கே வைத்தார்கள் என்பதை அவர் இன்னும் விரிவாகக் கேட்டிருக்கலாம்.

விடுதலைக்குப் பின்னும் இதே இடைவெளி வேறு உருவில் திரும்பியது. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை ஒரே கோட்டில் அழித்தது. 1878இன் பஞ்சகாலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்சநீதிமன்றம், மீட்கப்பட்டோருக்கு மறுவாழ்வு தரப்படாவிட்டால் அவர்கள் மீண்டும் அடிமைத்தளைக்கே தள்ளப்படுவார்கள் என்று கருத்துரைக்க நேர்ந்தது. சூபாவின் மறுநாளைப் பற்றித்தான் நீதிமன்றம் பேசியது என்று அத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1974இல் அகமதாபாத்தில் நடந்தது இதனால்தான் எனக்கு முக்கியமாகிறது. எலா பட் தலைமையிலான சேவா சங்கத்தின் பெண்கள் தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், பழந்துணி வணிகம் செய்பவர்கள். நாள் வட்டிக்குச் சரக்கெடுத்து அன்றன்று அடைப்பவர்கள் அவர்களில் பலர். தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் கடன் பெற்றுப் பார்த்தார்கள். அங்குள்ள நேரமும் படிவமும் நடத்தையும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைப் பதிவு செய்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதாவது என்ற எதிர்ப்பு எழுந்தது. முதன்மை உறுப்பினர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு காலையில் பதிவாளர் முன் நின்றார்கள்.

அங்கே கடனுக்கு முன் சேமிப்பு வந்தது. வீட்டுக்கும் கடைவீதிக்கும் ஆள் போய்ச் சிறுதொகையை வாங்கிவரும் ஏற்பாடு இருந்தது. நாள் வரவுள்ள பெண்ணுக்கு நாள் கணக்கில் சேமிப்பு; பஞ்சாபின் அரையாண்டுத் தவணையில் இருந்த அதே தர்க்கம் நகரத் தெருவுக்கு இறங்கிவந்ததாகக் கொள்ளலாம். தம் பெயரில் உள்ள பணம் கணவனோ கடன்காரனோ எளிதில் கைவைக்க முடியாத இடத்தில் இருந்தது என்பதும் சிறிய செய்தி அன்று. கையெழுத்துக்கு மாற்றாக அவர்கள் புகைப்படத்தைக் கொண்டார்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி அப்பெண் நிற்கும் படம் அவளுடைய பாஸ்புக்கில் ஒட்டப்பட்டது. 1879இன் பாஸ்புக்கில் குடியானவர் கடனாளியாகப் பதிவானார்; இதில் அவள் உடைமையாளராகப் பதிவானாள். இரண்டுக்கும் இடையே 95 ஆண்டுகள்.

ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடன் வழக்குமன்றத்துக்குப் போகிறது. ஆகவே ஆவணக்காப்பகத்தில் தங்குகிறது. சேமிப்பு சமையலறை டப்பாவிலும் அரிசிப் பானையிலும் அஞ்சலகப் புத்தகத்திலும் இருந்துவிட்டு யாரும் அறியாமல் மறைகிறது. ஒரு குடும்பம் எந்த மாதம் போட்டது, எந்த மாதம் எடுத்தது, எவ்வளவு இடைவெளிக்குப் பின் மீண்டும் போட்டது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சான்று அந்தப் புத்தகம்தான்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் பழைய அஞ்சலகப் புத்தகமோ, கூட்டுறவுச் சங்கத்துச் சந்தா அட்டையோ, கோடு போட்ட வரவுசெலவு நோட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். எந்த ஊர், என்ன தொழில், எந்த ஆண்டுகள் என்பதைப் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். நான் என் பங்குக்கு இம்மாதம் ஐந்தாம் தேதியிலிருந்து பழைய தவணைத்தொகையையே ஒரு தொடர்வைப்பில் போடத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வரி பதிவாகியிருக்கிறது.