கல்நாரும் நான்சி டெய்ட் அம்மையாரும்

கல்நார் என்னும் பெயரிலேயே அதன் இயல்பு விளங்குகிறது. அது கல்தான், ஆனால் நார்நாராகப் பிரியும். பஞ்சைப்போல் நூற்கலாம், துணியாக நெய்யலாம். நெருப்பு அதை எரிக்காது. ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் கூரைத் தகடு நினைவுக்கு வரும். இதன் தூசியால் நோயுற்றோருக்காக இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தொடங்கிய சங்கத்தைப் பற்றியது இக்கட்டுரை. ஆயினும் அவர் பிறந்த காலத்திலிருந்தே கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ராச்டேல் நகரில் டர்னர் சகோதரர்கள் ஆலையில் கல்நார் நூற்றுவந்தவர் நெல்லி கெர்ஷா. மூச்சுத் திணறல் முற்றியதால் வேலைக்குப் போக முடியாமற் போயிற்று. கல்நாரே காரணம் என்று மருத்துவர் சான்று எழுதினார். அச்சான்றே அவருக்கு வினையாயிற்று! தொழிலால் வந்த நோய் என்றதால் பொது நோய்க் காப்பீட்டில் அவருக்குப் பணம் இல்லை. சட்டப் பட்டியலில் இல்லாத நோய் என்று கூறி ஆலையும் கைவிரித்தது. 1924 மார்ச்சில், 33 வயதில் அவர் இறந்தார். அவருடைய நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்த டாக்டர் குக், கூரிய கனிமத் துணுக்குகளைக் கண்டு அவ்வாண்டே மருத்துவ இதழில் எழுதினார். ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்று 1927இல் அவர் வழங்கிய பெயர் நிலைத்துவிட்டது.

அதன் பிறகுதான் அரசு விழித்தது. மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் 1930இல் அளித்த அறிக்கையின்படி, சோதிக்கப்பட்ட 363 தொழிலாளரில் 95 பேருக்கு இந்நோய் இருந்தது. மறு ஆண்டு தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவை கல்நார் ஆலைகளில் நடந்த சில வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆலைக்கு வெளியே கல்நாரைத் தொட்டவர்களை அவ்விதிகள் நினைக்கவேயில்லை.

அவர்களும் தப்பவில்லை என்பதை 1960இல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோயை வாக்னரும் அவருடைய கூட்டாளிகளும் 33 பேரிடம் கண்டனர். அவர்களிற் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவரல்லர். நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்னும் இரு பெண் மருத்துவர்கள் இதே நோயால் இறந்த 76 பேரின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தனர். அவர்களில் 9 பேர் கல்நார்த் தொழிலாளியின் வீட்டார். வேலை உடையை வீட்டில் உதறித் துவைப்பதே போதுமானதாயிருந்தது.

இத்தகைய ‘ஆலைக்கு வெளியே உள்ள’ ஒருவர்தான் நான்சி டெய்ட் அம்மையாரின் கணவர். அவர் அஞ்சல் துறையின் தொலைபேசிப் பொறியாளர். கட்டடங்களில் பணிபுரிகையில் அவ்வப்போது கல்நாரின் அருகே இருந்ததன்றி, அதையே தொழிலாகக் கொண்டவரல்லர். 1968இல் மீசோதீலியோமா அவரைக் கொண்டு சென்றது. சிறிதளவு தூசியும் கொல்லுமா என்னும் கேள்வி மருத்துவ ஏடுகளில் வெறும் விவாதப் பொருளாக இருக்கலாம். அவருடைய வீட்டில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. 1976இல் ‘கல்நார் கொல்லும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1978இல் ஆஸ்பெஸ்டோசிஸ் முதலிய தொழில் நோய்களைத் தடுக்கும் சங்கத்தை நிறுவினார்.

துயரத்திலிருந்து பிறக்கும் அறச்சங்கங்கள் எத்தனையோ உண்டு. நிதி திரட்டுவதும் ஆறுதல் கூறுவதுமே பலவற்றின் பணி. டெய்ட் அம்மையார் அத்துடன் நிற்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இந்நோய் தூசியை உட்கொண்டு பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் கழிந்த பின்னரே தலைகாட்டும். அதற்குள் பழைய கம்பெனி மூடப்பட்டிருக்கும். உடன் வேலை செய்தோர் மறைந்திருப்பர். இழப்பீடு கேட்டு நிற்கும் மனைவியிடம் “சான்று எங்கே?” என்றால் அவள் எங்கே போவாள்?

சான்று இறந்தவரின் நுரையீரலிலேயே இருந்தது. ஆகவே சங்கம் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றைத் தனக்கெனப் பெற்று இழைகளை ஆராயத் தொடங்கியது. இச்சோதனையில் நுரையீரல் திசுவின் சிறு துண்டை ரசாயனத்தில் கரைப்பார்கள். சதை கரைந்துவிடும், கனிம இழைகள் எஞ்சும். அவற்றை வடிகட்டி எடுத்து எண்ணுவார்கள். பல இழைகளின் பருமன் மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண நுண்ணோக்கிக்கு அவை தென்படா. எலெக்ட்ரான் கற்றை பட்டதும் இழையிலிருந்து எழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதிலுள்ள தனிமங்களையும் அறியலாம். இரும்பும் சோடியமும் மிகுந்திருந்தால் நீலக் கல்நார். மக்னீசியம் மிகுந்திருந்தால் பெரும்பாலும் வெள்ளை. இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைக் கல்நார் நாளடைவில் நுரையீரலிலிருந்து பெரிதும் நீங்கிவிடும். எனவே எண்ணிக்கை குறைவு என்பதை மட்டும் வைத்து, அம்மனிதர் தூசியே சுவாசிக்கவில்லை என்று தீர்ப்புக் கூற முடியாது.

பிரிட்டன் 1985இல் நீல, பழுப்பு வகைகளையும், 1999இல் வெள்ளையையும் தடை செய்தது. டெய்ட் அம்மையார் இரண்டையும் கண்டார், 2009இல் காலமானார். தடைக்கு முன் எழுப்பிய கட்டடங்களில் கல்நார் இன்னும் இருக்கிறது. முன்பு சுவாசித்த தூசியோ தன் தவணைக்குக் காத்திருந்து, 1999க்குப் பின்னும் ஆண்டொன்றுக்கு 2,000 பேர் அளவில் மீசோதீலியோமாவால் அங்கு இறந்திருக்கிறார்கள். அவர்களில் தச்சர்களும் குழாய் வேலைக்காரரும் மின் பணியாளரும் மிகுதி.