ஒரு ராத்தல் தானியமும் நகராத எடைமுள்ளும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

எடை குறைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஒரு சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். முதல் மூன்று மாதம் மளமளவென்று இறங்கும் எடை திடீரென்று நின்றுவிடும். அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் முள் மட்டும் நகராது. எங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் காலையில் நடக்க வரும் ஒரு சகோதரிக்கு இப்போது அந்த நிலைமை. ஏழு கிலோ குறைத்தவர், மூன்று மாதமாக அதே இடத்தில் நிற்கிறார். அவர் போகும் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன், "ஆன்ட்டி, வீட்ல மறைச்சு மறைச்சு சாப்பிடுறீங்கபோல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். போன வாரம் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

நான் மருத்துவன் அல்ல, வரலாற்று ஆசிரியன். ஆனால் "குறைத்துக் கொடுத்தால் உடம்பு என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1876இல் பருவமழை பொய்த்தது. ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயரில் உள்ள 'தாங்கல்' சிறிய ஏரியைக் குறிக்கும். மாகாணம் முழுவதும் இப்படிப்பட்ட தாங்கல்களும் ஏரிகளும் வறண்டன. நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது இதைத்தான். 1878 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் 1874 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர். ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று கடுமையாகத் திட்டு வாங்கினார். அதனால் சென்னைக்கு வந்தபோது சிக்கனமே வேதமாக வந்தார். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்கும் அளவுக்குக் கூலியும், மேல் செலவுக்குச் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தேவையில்லாதவர்களும் வந்து வாங்குகிறார்கள் என்ற சந்தேகத்தில் ஏராளமானவர்களை நிவாரணப் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள்.

எதிர்த்துப் பேசியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு என்ன உணவு தரப்படுகிறது என்று 1863லேயே அறிக்கை தொகுத்தவர் அவர். அவர் வாதம் எளிமையானது. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு வேண்டியது வேறு, மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு வேண்டியது வேறு. வேலை செய்கிறவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். பெரிய எழுத்துச் சண்டை நடந்தது. கடைசியில் 1877 மார்ச் இறுதியில் சென்னை அரசு ஓரளவு இறங்கிவந்து, ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்று உயர்த்தியது.

அந்தக் காலத்தின் சாட்சி இன்றும் நம் கண்ணெதிரே கிடக்கிறது. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலில் ஏறினால் பக்கத்திலேயே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு. வெட்டியவர்களின் பெயர் எதுவும் எங்கும் இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். அவ்வளவு அரிசியில் உள்ள கலோரி சுமார் 1,600. இன்று எடை குறைக்க எழுதித் தரப்படும் பல உணவுப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். 1,500 அல்லது 1,600 என்றுதான் இருக்கும். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்தவனும், சேமிப்பில் கொழுப்பு வைத்திருக்கும் நாமும் ஒன்றல்ல. அந்தக் கொடுமையையும் நம் டயட்டையும் ஒரே தட்டில் வைப்பது பாவம். ஆனால் உடம்புக்குக் காரணம் தெரியாது. வரவு குறைந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உடனே அது செலவைக் குறைக்கத் தொடங்குகிறது.

இதை முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிரான்சிஸ் பெனடிக்ட். முதல் உலகப் போர்க் காலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கல்லூரி மாணவர்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார். அவர்களின் எடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தி அதைவிட அதிகமாகக் குறைந்துபோனது. 1919இல் இது நூலாக வந்தது. ஓய்வுநிலைச் சக்திச் செலவைக் கணக்கிட இன்றும் உணவு ஆலோசகர்கள் பயன்படுத்தும் 'ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரம்' வந்ததும் அதே ஆண்டில், அதே பெனடிக்டின் கையால்தான்.

இந்த பெனடிக்டின் கருவி நம் நுங்கம்பாக்கத்துக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினர் மேசன், தென்னிந்தியப் பெண்கள் காலையில் வெறும் வயிற்றில், படுத்த நிலையில் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அளந்தார். மேசனும் பெனடிக்டும் சேர்ந்து 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரையின் முடிவு என்ன தெரியுமா? நம் பெண்களின் ஓய்வுநிலைச் செலவு அமெரிக்க அளவுகோலைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு.

ஏன் குறைவு என்பதில் பிற்பாடு நிறைய விவாதம் நடந்தது. இனம் காரணமா, வெப்பம் காரணமா, உடலில் தசை குறைவாக இருப்பது காரணமா என்று ஆராய்ந்தார்கள். தசையின் அளவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதைப் பெங்களூரு ஆய்வுகள் காட்டின. நம் நாட்டு நிபுணர் குழுவும், உலக அமைப்புகளின் சூத்திரத்திலிருந்து 5 சதவீதம் கழித்தே இந்தியர்களுக்குக் கணக்குப் போட்டது. நமக்கு இதில் பாடம் இதுதான்: வெளிநாட்டுச் சூத்திரத்தை வைத்து ஒரு செல்போன் செயலி "நீங்கள் தினமும் இவ்வளவு எரிக்கிறீர்கள்" என்று சொன்னால், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அடுத்த பெரிய சோதனை 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஐரோப்பாவில் போரால் பட்டினி கிடப்பவர்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக, ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். மனச்சாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்து, தாமாகவே இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரங்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. டெம்பிளின் ஒரு ராத்தலுக்கு மிக அருகில் வருகிறது, கவனியுங்கள். வாரம் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் எடையில் கால் பங்கு போனது. ஆனால் நேர்கோட்டில் போகவில்லை. முதலில் வேகமாக இறங்கிய கோடு, போகப் போகப் படுத்துவிட்டது. ஓய்வுநிலைச் செலவு சுமார் 40 சதவீதம் குறைந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை இறங்கியது. கோடைக்காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். தேவையில்லாமல் ஒரு கையைக்கூட அசைக்கவில்லை. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்து இரவெல்லாம் படித்தார்கள். கால்களில் நீர் கோத்ததால், உள்ளே சதை கரைந்தபோதும் தராசு அதை முழுதாகக் காட்டவில்லை. மறுபடி உணவு தந்தபோது முதலில் திரும்பி வந்தது கொழுப்பு, தசை பின்தங்கியது. 1950இல் 'மனிதப் பட்டினியின் உயிரியல்' என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகளாக இது வெளிவந்தது.

எடை கூடியவர்களுக்கும் இதே விதிதானா? 1995இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபெல் குழு அளந்து பார்த்தது. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால், மொத்தச் செலவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. 2016இல் கெவின் ஹால் குழு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் அளந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஆனால் உடம்பின் சிக்கனம் மட்டும் மாறவில்லை. எதிர்பார்த்ததைவிட ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

ஏரி உதாரணமே இதற்குப் பொருத்தம். ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது மதகு வழியாக வேகமாகப் பாயும். மட்டம் இறங்க இறங்கப் பாய்ச்சல் குறையும். நம் உடம்போ அத்துடன் விடாமல், மடையையும் சேர்த்து அடைக்கிறது.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவு செய்தவர் 1,600 சாப்பிட்டால் பற்றாக்குறை 400. எடை பத்து சதவீதம் குறைந்தபின் அவர் செலவு 1,700 ஆகிவிடுகிறது. அதே 1,600 சாப்பிட்டால் பற்றாக்குறை வெறும் 100. இரண்டு தேக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விழுந்தால் அதுவும் போச்சு. முள் நிற்காமல் என்ன செய்யும்? ஒரு ராத்தல் எடைக்கு 3,500 கலோரி என்று 1958இல் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் சொன்ன கணக்கை வைத்து, "மாதம் இவ்வளவு கிலோ" என்று கோடு போட்டுக் கொடுக்கிறவர்கள் மறந்துவிடுவது இந்தச் சுருங்கும் செலவைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 1992இல் நியூயார்க்கில் "எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை" என்று சொன்னவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இவர்கள் பொய்யர்கள் அல்லர். கை அளவும் கண் அளவும் யாரையும் ஏமாற்றும். காபியில் போட்ட சர்க்கரை, பேரன் மிச்சம் வைத்த தோசை, கோயில் பிரசாதம் இவையெல்லாம் யார் நினைவில் நிற்கும்? ஆகவே முள் நின்றால் முதல் வேலை, இரண்டு வாரம் எல்லாவற்றையும் அளந்து எழுதுவது. திட்டு வாங்குவது அல்ல.

அதன் பிறகும் நின்றால், சாப்பாட்டை மேலும் மேலும் வெட்டுவது டெம்பிள் வழி. கார்னிஷ் வழி வேறு. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். தசையைக் காக்க வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியோ செய்யுங்கள். தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவது ஆபத்து. எடைக்கருவியோடு ஒரு அளவு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது என்பது இந்தியர்களுக்கான அளவு.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அதுவும் சென்னைச் செய்தி. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இங்கே நடத்திய 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்குத் தினமும் அரை மணி நேரமாவது நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம். மற்ற இரண்டு குழுக்களுக்கு மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகளில் அறிவுரைக் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடைக் குழுவில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அந்தக் குழுவின் எடையில் குறிப்பிடும்படியான குறைவு எதுவும் இல்லை!

முள் நகரவில்லை. ஆனால் நோய் விலகி நின்றது. நடையும் நல்ல சாப்பாடும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன, தராசுக்குத்தான் அது தெரியவில்லை.

எனவே, எடை நின்றுவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், "மறைத்துச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்காதீர்கள். குறைத்த ஏழு கிலோவை ஏறவிடாமல் பிடித்து வைத்திருப்பதே, தன்னைக் காக்கப் போராடும் ஓர் உடம்போடு தினமும் நடக்கும் பேச்சுவார்த்தை. அதற்கு ஒரு சபாஷ் போடுங்கள். தட்டில் ஒரு கரண்டி பருப்பும் சேர்த்துப் போடுங்கள்.