பலெர்மோவில் சுடுநீர்: மொட்டைமாடியா, பின் பால்கனியா?

பலெர்மோவில் ஆண்டுக்கு 2,500 மணி நேரத்துக்கும் மேல் வெயில் அடிக்கிறது. அந்த நகரத்து வீடுகளில் குளிக்கச் சுடுநீர் தருவதோ, பெரும்பாலும் சுவரில் தொங்கும் 80 லிட்டர் மின்சார பாய்லர். எரிவாயுக் கொதிகலன் உள்ள வீடுகளும் உண்டு. புகைபோக்கிக்கு வழியில்லாத பழைய கட்டடங்களில் பாய்லர்தான். 1980களிலிருந்து ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் குடியேறிய ஊர் இது. பல்லாரோ சந்தையைச் சுற்றிய பழைய வீடுகளில் அவர்களும் அதே பாய்லரோடுதான் வாழ்கிறார்கள். கரண்ட் பில் வரும்போதெல்லாம் பழியும் அதன்மேல்தான் விழுகிறது. பழி நியாயமானதே. குளிர்சாதனம் ஓடாத மாதங்களில் ஒரு வீட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது சுடுநீர்தான்.

அதை மாற்ற நினைப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். மற்றது, காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்பு. பார்வைக்கு அது பாய்லர் போலவே இருக்கும், தலையில் மட்டும் ஒரு சின்ன கம்ப்ரசர். வெயில் ஊரில் வெயிலைத்தானே பிடிக்க வேண்டும் என்பது கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பார்ப்பவருக்கு உடனே தோன்றும் பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் பலெர்மோ வேறு பதில் சொல்கிறது.

நான்கு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 லிட்டர், 40 டிகிரியில். குழாயில் 15 டிகிரியில் வரும் 200 லிட்டரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5.8 யூனிட் வெப்பம் வேண்டும். தொட்டி சும்மா நிற்கும்போதும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் வீணாகும். கோடையில் தேவை குறைவதையும் சேர்த்துப் பார்த்தால், மின்சார பாய்லர் ஆண்டுக்குச் சுமார் 2,000 யூனிட் இழுக்கும் என்று வைக்கலாம். ஹீட் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பத்தை நகர்த்தும். ஆகவே அதே வேலை சுமார் 750 யூனிட்டில் முடிந்துவிடும். சரியாக அமைத்த சோலார், தேவையில் முக்கால் பங்கைத் தானே தரும். மீதி 500 யூனிட்டுக்கு அதற்கும் மின்சாரத் துணை வேண்டும்.

இப்போது கழித்துப் பாருங்கள். ஹீட் பம்பு மிச்சப்படுத்துவது 1,250 யூனிட், சோலார் மிச்சப்படுத்துவது 1,500. இலவசச் சூரியனுக்கும் கரண்ட் தின்னும் பெட்டிக்கும் நடுவே இருப்பது ஆண்டுக்கு 250 யூனிட். யூனிட் 0.25 யூரோ என்று வைத்தால் சுமார் 60 யூரோ. ஆனால் விலையில் உள்ள வித்தியாசம் அப்படிச் சிறியதல்ல. சுவரில் மாட்டும் ஹீட் பம்பு, வேலைக்கூலியோடு ஆயிரம் யூரோவைச் சற்றுத் தாண்டும். 200 லிட்டர் சோலார், மேலே ஏற்றி, குழாய் இழுத்து முடிக்கும்போது எளிதாக அதன் இரட்டிப்பு ஆகிவிடும். நான்காம் ஐந்தாம் மாடிக்குப் பொருளை ஏற்றத் தூக்கி வண்டி வரவழைத்தால் இன்னும் ஏறும்.

வெயில் இவ்வளவு இருந்தும் சோலார் ஏன் முழுவதுமாக ஜெயிக்கவில்லை? தேவையும் வரவும் ஒரே மாதத்தில் வருவதில்லை. பலெர்மோவில் மழையும் மேகமும் குளிர்காலத்துக்கு உரியவை. சனவரியில் சராசரி வெப்பம் 12, 13 டிகிரி. சுடுநீருக்கு ஆசைப்படும் மாதம் அதுதான், சோலார் தடுமாறும் மாதமும் அதுதான். ஆகஸ்டில் நேர்மாறு. மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீரே குழாயில் சூடாக வருகிறது. சென்னையில் சித்திரை வைகாசியில் சின்டெக்ஸ் தொட்டி படுத்தும் பாட்டை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாதத்தில் சோலார் தகடு கொதிக்கக் கொதிக்கச் சூட்டைத் தயாரித்து வைத்திருக்கும், வாங்க ஆளிருக்காது. நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போகும் குடும்பமென்றால் இன்னும் மோசம். மூன்று நான்கு வாரம் யாரும் குழாய் திறக்காமல் தகட்டில் சூடு தேங்கி, அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வழியே தண்ணீர் கொட்டும். தகட்டின்மேல் துணி போர்த்திவிட்டுப் போகத் தெரிந்தவர்கள் போர்த்துகிறார்கள். ஹீட் பம்பின் சுவிட்சை அணைத்தால் போதும்.

பலெர்மோவின் மிதமான குளிர் ஹீட் பம்புக்குத்தான் வரப்பிரசாதம். 2015 செப்டம்பர் 26 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு வாட்டர் ஹீட்டரிலும் ஆற்றல் வகுப்பைக் காட்டும் வண்ணச் சீட்டு ஒட்ட வேண்டும். நம்மூர் நட்சத்திர முத்திரை போன்றது. அதில் பெரிதாகத் தெரியும் வகுப்பு மத்திய ஐரோப்பிய வானிலைக்குக் கணக்கிட்டது. வெளிக்காற்றை இழுக்கும் கருவி என்றால், 7 டிகிரிக் காற்றில் சோதித்தது. ஹீட் பம்புச் சீட்டின் கீழே ஐரோப்பிய வரைபடமும், மூன்று வானிலை மண்டலங்களுக்குத் தனித்தனியாக ஆண்டு மின்செலவும் இருக்கும். வெப்ப மண்டலத்துக்கு உரிய எண் 14 டிகிரிக் காற்றில் எடுத்தது, அதற்கு அளவுகோல் ஏதென்ஸ். பலெர்மோக்காரர் படிக்க வேண்டியது அந்த மூலையில் உள்ள சிறிய எண்ணைத்தான். கடையில் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதாகத் தெரியவில்லை. பெரிய எழுத்துதானே விற்கிறது!

மொட்டைமாடி யாருடையது என்ற கேள்வி இன்னும் பெரியது. கோயம்புத்தூர்த் தனிவீட்டில் மாடி வீட்டுக்காரருடையது. தகட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே குளியலறை, நடுவில் புவியீர்ப்பு. பம்புகூட வேண்டாம். பலெர்மோவில் மாடி பல குடும்பங்களின் பொதுச்சொத்து, கொந்தொமீனியோ என்ற அடுக்ககச் சங்கத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. 2012ஆம் ஆண்டின் 220ஆம் எண் சட்டம் இத்தாலிய சிவில் சட்டத்தில் 1122-பிஸ் என்றொரு பிரிவைச் சேர்த்து, தனி ஒருவர் பொது மாடியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கருவி வைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. உரிமை இருக்கிறது. ஐந்தாம் மாடியிலிருந்து முதல் மாடிக்குச் சுடுநீர்க் குழாய் இறங்க வேண்டிய சுவர் மட்டும் வேறு நான்கு குடும்பங்களின் முகத்துக்கு நேரே போகிறது. பழைய நகரப் பகுதி என்றால் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகமான சொப்ரிந்தெந்த்சாவின் சம்மதமும் தேவைப்படலாம். பலெர்மோவின் அராபிய நார்மன் கட்டடங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. அவற்றுக்கு அருகே கூரையில் பளபளப்பாக ஏதேனும் வைப்பது எளிதல்ல, எளிதாக இருக்கவும் கூடாது என்பேன். அதோடு அந்த மாடியில் ஏற்கனவே தண்ணீர்த் தொட்டிகளின் கூட்டம். நகரக் குடிநீர் நிறுவனமான அமாப், 2024 வறட்சியின்போது அக்டோபரிலிருந்து முறைவைத்துத் தண்ணீர் விட்டது. முறைத் தண்ணீருக்குப் பழகிய ஊரில் தொட்டி இல்லாத கட்டடம் அரிது.

ஹீட் பம்புக்கு இந்த வழக்கெதுவும் இல்லை. அதற்கு வேண்டியது காற்று, ஒரு சுவர், கம்ப்ரசரின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனம். பலெர்மோ வீடுகளில் இதற்கென்றே அமைந்ததுபோல ஓர் இடம் உண்டு. கண்ணாடி அடைத்த பின் பால்கனி, துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் இடம். படுக்கையறைச் சுவரில் மாட்டினால் இரவு முழுவதும் முனகும். சின்ன குளியலறையில் காற்றுக்குழாய் வைக்காமல் மாட்டினால், எடுக்கும் சூட்டுக்கு ஈடாகக் குளிர்காற்றை அங்கேயே விட்டு, குளிக்க வந்தவரை நடுங்க வைக்கும். பின் பால்கனியில் இரண்டு தொல்லையும் இல்லை. கோடையில் அந்தக் குளிர்காற்று போனஸ்.

மீட்டர் விஷயத்தில் ஹீட் பம்பு தரும் நிம்மதி பில் கணக்கில் வராது. இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமான மின் ஒப்பந்தம் 3 கிலோவாட். பாய்லர் 1.2 முதல் 1.5 கிலோவாட் இழுக்கும்போது மின்சார ஓவனையும் போட்டால் மீட்டர் விழும். பிறகு இருட்டில் தடவி, கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்த் தூக்கிவிட வேண்டும். சுவர் ஹீட் பம்பின் கம்ப்ரசருக்கு 250, 300 வாட் போதும். இத்தனை சிறிய தேவை என்பதால் சூரியனும் வேறு வழியாக உள்ளே வர முடிகிறது. இத்தாலியில் 800 வாட் வரையிலான சிறிய சூரிய மின்தகடுகளை, மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு எளிய நடைமுறையில் பால்கனியிலேயே பொருத்தலாம். 350 வாட்டுக்கு மேலென்றால் எலக்ட்ரீஷியன் தனி இணைப்பு போட வேண்டும். நண்பகலில் அந்தத் தகடு தரும் மின்சாரமே ஹீட் பம்பை ஓட்டிவிடும். தெற்குப் பார்த்த பால்கனி இருப்பவர் மாடிச் சண்டைக்கே போக வேண்டாம்.

குறையும் உண்டு. ஹீட் பம்பு மெதுவானது. 80 லிட்டர் மின்சார பாய்லர் 15 டிகிரியிலிருந்து 55க்கு ஏற இரண்டரை மணி நேரம். 110 லிட்டர் ஹீட் பம்புக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே பழைய பாய்லரின் அளவிலேயே வாங்குவது தவறு. 55 டிகிரியில் இருக்கும் 80 லிட்டர், கலந்து குளிக்க 128 லிட்டர்தான் தரும். 110 லிட்டர் 176 தரும். நான்கு பேருக்கு அதுவே இறுக்கம். ஐந்து பேர், அதிலும் விடியற்காலையில் வேலைக்கு ஓடுபவர்கள் என்றால் தரையில் நிற்கும் பெரிய தொட்டிக்குப் போக வேண்டும், அதற்கு இடம் வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் மிச்சமும் பாதியாகிவிடும். அவர்கள் பழைய பாய்லர் பழுதாகும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

தண்ணீரின் கடினத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் இந்துக்களும் கத்தோலிக்கரும் நகரின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவைத் தேடி ஏறும் மோந்தே பெல்லெக்ரீனோ மலை முழுவதும் சுண்ணாம்புக் கல். நகரைச் சூழ்ந்த மலைகளும் பெரும்பாலும் அவ்வகைதான். பாய்லருக்குள் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் சூடேற்றும் கம்பியில் உப்பு படிந்து இறுகுவது அதனால்தான். பல ஹீட் பம்புகளில் சூடேற்றும் சுருள் தொட்டிக்கு வெளியே சுற்றியிருக்கும், படிவு குறைவு. எந்தக் கருவியானாலும் துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் மக்னீசியத் தண்டை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். பலர் அப்படியொரு தண்டு இருப்பதையே அறியாமல் தொட்டியைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

அப்படியானால் சோலார் யாருக்கு? பகேரியா, மொந்தெல்லோ பக்கம் சொந்தக் கூரையோடு தனிவீடு வைத்திருப்பவருக்கு. தகட்டுக்கும் குளியலறைக்கும் தூரம் குறைவு, கேட்க அயலார் இல்லை, வீட்டில் ஆட்கள் நிறைய. அங்கே நான் சோலார் பக்கம்தான் சாய்வேன். தமிழ்நாட்டில் கூரை வசதி இருந்தும் சோலார் தயங்குவதற்குக் காரணம் வேறு. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மலிவான கரண்ட் கீசரைக் காப்பாற்றுகிறது.

வாடகைக்கு இருப்பவர் நிலைமைதான் சிக்கல், பலெர்மோத் தமிழரில் பலர் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். இத்தாலிய அரசின் உதவி இரண்டு வகை. எக்கோபோனுஸ் என்பது வருமான வரியில் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் சலுகை. வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் கழிக்க வரியே அதிகம் இருக்காது. வரி குறைவானால் சலுகையும் ஆவியாகும், மீதியை அரசு திருப்பித் தராது. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம் திரும்பும் இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. கொந்தோ தெர்மிக்கோ வேறுமாதிரி. ஜிஎஸ்இ என்ற அரசு நிறுவனம் வங்கிக் கணக்கில் நேரே பணம் போடும். 2016 விதிகளின்படி மின்சார பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்பு வைத்தால் செலவில் 40 சதவீதம், 150 லிட்டர் வரை அதிகபட்சம் 400 யூரோ, அதற்கு மேல் 700. விதிகள் 2025இல் புதுப்பிக்கப்பட்டன, நடப்புத் தொகையைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். பழைய 400 யூரோவை வைத்துப் பார்த்தாலே, புதுக் கருவிக்குக் கூடுதலாகப் போடும் பணம் சுமார் இரண்டு ஆண்டில் பில்லில் திரும்பிவிடும்.

வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் வாடகைக்காரரும் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டில் வீடு மாறினால் சுவரில் மாட்டியது யாருக்கு என்பதை முன்கூட்டியே வாடகை ஒப்பந்தத்தோடு எழுதி வைக்க வேண்டும். பழைய பாய்லரை முறைப்படி அப்புறப்படுத்திய சான்றும் வேண்டும். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். ரசீது இல்லாமல் கையில் தந்தால் நூறு யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்று பிளம்பர் சொன்னால், அந்த நூறுக்காக நானூறு போய்விடும்.