விருந்தினர் சென்றபின்னும் நிற்கும் வீடு

விருந்தினர் புறப்பட்டதும் இடிந்துவிழும் வீட்டினாற் பயனென்ன? உலோக அயன்களைச் சேதன மூலக்கூறுகளாற் பிணைத்து நுண்ணறைப் பளிங்குகள் சமைத்தோர்முன் நின்ற வினா இதுவே.

1989 இல் மெல்பேணிலே றிச்சட் றொப்சன் செம்பு அயன்களைக்கொண்டு இத்தகைய பளிங்கை ஆக்கினார். ஆயினும் அக்கட்டமைப்பு எளிதிற் குலைந்தது. 1997 இல் யப்பானியரான சுசுமு கிற்றாகவாவின் பளிங்கோ, உள்ளிருந்த நீர் நீங்கியும் நிலைத்தது. மெதேன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்களை ஏற்று, உருக்குலையாது வெளிவிட்டது. 1999 இல் அமெரிக்காவிலே ஒமர் யாகி அமைத்தது, வெறுமையாயிருந்தும் 300 பாகை செல்சியசு வெப்பத்தைத் தாங்கிற்று. பின்னர் அவர் குழுவினர், அரிசோனாப் பாலைநிலத்து இரவுக்காற்றின் நீராவியை இத்தகைய பளிங்கிலே ஏற்றி, பகல் வெயிலில் வெளியேற்றி, நீராக எடுத்தனர்.

2025 இல் இரசாயனவியல் நொபெல் பரிசு மூவருக்கும் பகிரப்பட்டது. வீட்டிற்கு வாயில் மட்டும் போதாது. வெறுமையைத் தாங்கும் சுவரும் வேண்டும். அதனாலன்றோ அடுத்த விருந்தினருக்கும் அங்கே இடமுண்டு!