கன்டெய்னர் பிறந்த கதை

ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன். பைத்தான், நாலைந்து லைப்ரரி, ஒரு எஸ்க்யூலைட் கோப்பு, அவ்வளவுதான். ஆனால் சர்வரில் ஏற்றினால் ஓடாது, அங்கே பைத்தான் பதிப்பு வேறு! "என் மெஷின்ல ஓடுதே" என்று புலம்பாத கணினி மாணவர் உண்டா? இன்று எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னரில் கட்டி அனுப்பிவிடுகிறோம். இந்த யோசனை 2013-இல் டாக்கரோடு பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை நண்பர்களே, கதை 1979-இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சிஎச்-ரூட்' என்றொரு வசதி இருந்தது. ஒரு ப்ராசஸிடம் 'இந்த டைரக்டரிதான் உன் உலகம்' என்று சொல்லிவிடும். மறைவது கோப்புகள் மட்டுமே. நெட்வொர்க்கும் மற்ற ப்ராசஸ்களும் பொதுதான். ரூட் அதிகாரம் இருந்தால் சுவரேறிக் குதித்துவிடலாம்.

2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி 4.0 அந்தச் சுவரை உயர்த்தியது. பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய அந்த வசதியின் பெயர் 'ஜெயில்' (பெயர் வைத்தவருக்குக் குசும்பு அதிகம்!). ஒரே மெஷினைப் பலருக்கு வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் தொழிலுக்காகப் பிறந்தது அது. ஒவ்வொருவருக்கும் ரூட் அதிகாரம் வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

லினக்ஸ் கொஞ்சம் தாமதம். யார் எவ்வளவு மெமரி தின்னலாம் என்று அளந்து போடும் 'சிகுரூப்ஸ்' வேலையைக் கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கினார்கள்; 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டிய எல்எக்ஸ்சி அதே ஆண்டு வந்தது.

2013 மார்ச்சில், சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், டாட்க்ளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்தில் டாக்கரைக் காட்டிவிட்டு இறங்கினார். அன்று அதன் உள்ளே இருந்தது அதே எல்எக்ஸ்சி! அப்படியானால் புதுசு என்ன? என்னைக் கேட்டால், இமேஜ்தான். அப்ளிகேஷனையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் அடுக்கடுக்காகக் கட்டி, எந்த லினக்ஸ் மெஷினுக்கும் அப்படியே அனுப்பலாம்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு மாற்றம் நடந்தது. ஜெயில் என்பது குடியிருக்கும் வீடு, வருடக்கணக்கில் பராமரிப்பார்கள். டாக்கர் கன்டெய்னரோ வாழை இலை. புதிய பதிப்பு வந்தால் பழையதை எறிந்துவிட்டு வேறு போட வேண்டும். உள்ளே எழுதியதெல்லாம் அதன் மேலடுக்கில்தான் இருக்கும். கன்டெய்னரை அழித்தால் அதுவும் போச்சு. நம் எஸ்க்யூலைட் கோப்பு உள்ளேயே இருந்தால், பயனர்கள் பதிந்த அத்தனையும் அடுத்த அப்டேட்டில் காலி. அதற்குத்தான் வால்யூம். அந்தக் கோப்பு இருக்கும் டைரக்டரியை மட்டும் வெளியே ஹோஸ்டில் வைத்து உள்ளே இணைத்துவிட்டால், கன்டெய்னரை எத்தனை முறை மாற்றினாலும் தரவு அங்கேயே கிடக்கும்.