கடலோர உவர்நிலச் சிறு விவசாயமும் டிஜிட்டல் கருவிகளும்

கடற்கரையை ஒட்டிய வயல்களில் உப்பு ஏறுவதை முன்கூட்டியே அறிந்து, பயிர், ரகம், விதைப்பு நாள், பாசனம் ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சிறு விவசாயிகளுக்கு உதவும் அளவீட்டு, தகவல் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். கையடக்க உப்பு மீட்டர், செயற்கைக்கோள் படம், இணையவழி மண்வள விவரம், கைபேசிச் செயலி, குரல்வழி ஆலோசனை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இந்தியாவில் 2 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 5 ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவர்கள் சிறு, குறு விவசாயிகள். ஒரு போகம் பொய்த்தாலே கடனில் விழக்கூடிய இவர்களுக்கு, இலை நுனி கருகிய பிறகு தெரியவரும் உப்பை நடவுக்கு முன்பே தெரிந்துகொள்வது வாழ்வாதாரப் பிரச்சினை.

உப்பு ஏறும் வழிகள்

காவிரிப் படுகையின் கடைமடையான நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் உப்பு பல வழிகளில் வயலை அடைகிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் குறையும் மாதங்களில் கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாகவும் வடிகால்கள் வழியாகவும் உள்ளே ஏறுகிறது. ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் நிலத்தடியிலும் கடல்நீர் நகர்ந்து வருகிறது. கோடையில் ஆழம் குறைந்த உப்புநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாக, உப்பு மட்டும் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. இவை மெல்ல நடப்பவை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரே காலையில் கடல்நீரையும் சேற்றையும் வயல்களில் கொண்டுவந்து கொட்டியது.

உவரும் களரும்

பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டாலும் மண்ணியலில் இவை வேறு. கரையும் உப்புகள் மிகுந்தது உவர்; மண் துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுவது களர். உவரை மின்கடத்துத்திறனால் (இ.சி.) அளக்கிறார்கள். மண்ணில் நீர் நிறையும்வரை சேர்த்துக் குழைத்த நிறைசேற்றிலிருந்து எடுத்த நீரில் அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்நிலம். கார அமில நிலை 8.5க்கு மேலும் பரிமாற்ற சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும் போனால் களர். ஜிப்சம் களருக்கு மருந்து; வெறும் உவருக்கு அது வீண் செலவு. ஆகவே இ.சி.யை மட்டும் பார்த்துப் பரிந்துரை சொல்லும் எந்தச் செயலியும் விவசாயியின் பணத்தைக் கரைக்கக்கூடும்.

நெல்லுக்கு நிறைசேற்று இ.சி. 3 வரை பெரிய பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் மகசூல் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவதாக ஆய்வாளர்கள் மாஸ், ஹாஃப்மன் இருவரின் 1977ஆம் ஆண்டு அட்டவணை காட்டுகிறது. அதன்படி 6 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இளநாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும்.

கருவிகள்

கையடக்க மீட்டர்: சட்டைப் பையில் அடங்கும் இந்த மீட்டர்தான் எல்லாவற்றிலும் எளியது. நிழலில் உலர்த்திப் பொடித்த மண் 50 கிராம், காய்ச்சி வடித்த நீர் 250 மில்லி. பாட்டிலில் இட்டுப் பலமுறை குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் முனையை நனைத்தால் எண் வந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பங்கு மண்ணுக்கு 5 பங்கு நீர் சேர்த்த கரைசலின் எண், நிறைசேற்று எண்ணைவிட மிகக் குறைவாக இருக்கும். களிமண்ணில் இவ்விரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். எந்த முறையில் அளந்தது என்று குறிக்காத எண், நல்ல நிலம் என்று நம்பவைத்துக் கெடுத்துவிடும். 1.413 டெசிசீமன்ஸ் என்று காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு திட்டக் கரைசலில் மீட்டரை அவ்வப்போது சரிபார்ப்பதும் அவசியம்.

செயற்கைக்கோள் படம்: ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். அரை ஏக்கர் வயல் அதில் 20 புள்ளி. கோடையில் உப்புப் பூத்த திட்டுகள் அதில் நன்றாகத் தெரியும். சம்பா நிற்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ மேகம் மறைத்துவிடும். எந்த இடத்தில் மண் எடுக்க வேண்டும் என்று படம் காட்டும். மண்ணை எடுத்து அளக்கும் வேலையை அது செய்யாது.

மண்வள அட்டையும் இணையமும்: 2015இல் தொடங்கிய இந்திய அரசின் மண்வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் கார அமில நிலையும் இ.சி.யும் அடங்கும். தமிழ்நாட்டின் தமிழ் மண்வளம் இணையதளம் புல எண்ணைக் கொண்டு மண் விவரம் தருகிறது. 2018இல் வந்த உழவன் செயலியில் வானிலையும் இடுபொருள் இருப்பும் தமிழில் கிடைக்கின்றன.

குரல்: படிக்கத் தடுமாறுபவர்களுக்கும் சாதாரண கைபேசி வைத்திருப்பவர்களுக்கும் குரல்தான் வழி. 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. அவற்றுள் ஒன்றான வீராம்பட்டினத்தில் அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரில் (1800-180-1551) தமிழிலேயே கேட்கலாம்.

எண்ணிலிருந்து வயலுக்கு

அளந்த எண் ஒரு வேலையில் போய் முடிய வேண்டும். உவர் என்றால் வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரை அல்லது மழைநீரைத் தேக்கி, மண்ணுக்குள் இறங்கவிட்டு வடிக்க வேண்டும். 30 செ.மீ. மண்ணின் வழியே 30 செ.மீ. நல்ல நீர் இறங்கினால் கரையும் உப்பில் பெரும்பகுதி கழுவப்படும். களர் என்றால் ஜிப்சம் இட்டு நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டைப் பசுந்தாளாக வளர்த்து மடக்கி உழ வேண்டும். நாற்றங்காலுக்கு உப்புக் குறைந்த மூலையைத் தேர்ந்துகொள்வது இரண்டுக்கும் பொருந்தும். ரகங்களில் களர்நிலத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3 பரிந்துரைக்கப்படுகின்றன. குழியடிச்சான், களர்பாலை முதலிய மரபு நெல்வகைகளைக் கடலோர விவசாயிகள் உப்பு தாங்குவதற்காகவே காத்துவந்திருக்கிறார்கள்.

பிற நாடுகளில்

வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 2015-16 வறட்சியின்போது கடல்நீர் ஆறுகளில் வெகுதூரம் ஏறிப் பெருஞ்சேதம் விளைவித்தது. 2019-20இலும் உப்பு கடுமையாக ஏறி, 5 மாகாணங்கள் அவசரநிலை அறிவித்தன. ஆனால் இம்முறை முன்கணிப்பை நம்பி விதைப்பை முன்னதாகவே முடித்திருந்ததால் நெல்லுக்கு நேர்ந்த சேதம் குறைவு. வங்கதேசத்தில் உப்பு பாதித்த கடலோர நிலம் 1973இல் 8.33 லட்சம் ஹெக்டேராக இருந்து 2009இல் 10.56 லட்சமாக உயர்ந்ததை அந்நாட்டு மண்வள மேம்பாட்டு நிறுவனத்தின் ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

வரம்புகள்

பட்டாவையும் புல எண்ணையும் சார்ந்த சேவைகள் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர்களை எளிதில் விட்டுவிடுகின்றன. நாற்றங்காலில் முதல் கருகலைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆலோசனைக் குறுஞ்செய்தி வருவதோ வீட்டு ஆண்களின் கைபேசிக்கு. பழைய அட்டையின் எண் ஒரு புயலுக்குப் பிறகு செல்லாது. கோடை முடிவிலும், மழை கழுவிய பின்னும் என்று ஆண்டுக்கு இருமுறையாவது அளந்தால்தான் நிலத்தின் போக்கு தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய வரம்பு வடிகால். உப்பைக் கழுவிய தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் அது பக்கத்து வயலில் போய் நிற்கும். தூர்ந்த வாய்க்காலைத் தனி ஒரு விவசாயியால் வெட்ட முடியாது. ஊர் முழுவதும் அளந்த எண்களை ஒரே வரைபடத்தில் குறித்தால், எந்த வடிகால் அடைபட்டதால் எத்தனை வயல்களில் உப்பு தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். தூர்வாரும் பணியைக் கேட்டு கிராம சபைக்குப் போகும் கடைமடை விவசாயிகளின் கையில் அந்த வரைபடமே சான்றாகும்.