ஆற்று மணற்கரையின் மீன்களை எப்போது எண்ணுவது?

பிரேசிலின் மனாவுஸ் நகரை ஒட்டி ஓடும் ரியோ நீக்ரோ, அமேசனின் மிகப்பெரிய கருநீர்க் கிளையாறு. தேயிலைச் சாயம் போன்ற அதன் நீர் அமிலத்தன்மை கொண்டது, உப்புச்சத்துக் குறைந்தது. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. ஒரே ஆண்டுக்குள் அது ஏறத்தாழ 10 மீற்றர் ஏறி இறங்கும். ஜூன் அளவில் வெள்ளம் உச்சத்தைத் தொடும். ஒக்டோபர், நவம்பரில் ஆறு வற்றும்போது வெண்மணற் கரைகள் வெளியே தெரியும்.

பகலில் பார்த்தால் அந்தக் கரைகள் வெறுமையாகத்தான் இருக்கும். புல்லில்லை, மரவேரில்லை, மீன் ஒளிய இடமில்லை. ஆனால் இங்கே மீன் கணக்கெடுக்கப் பயன்படும் முறை நமக்குப் புதிதல்ல. அது நம்மூர்க் கரைவலையின் குட்டி வடிவம். ஒருவர் வலையின் ஒரு முனையைக் கரையோரம் பிடிக்க, மற்றவர் இடுப்பளவு நீரில் வளைத்து வந்து கரைக்கு இழுப்பார். இழுக்கும் தூரமும் தடவைகளும் எல்லாக் கரைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கரையை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

கண்ணியின் அளவு இன்னும் முக்கியம். இந்த ஆற்றில் வாழும், 1984இல் பெயரிடப்பட்ட ஒரு நெத்தலி இனம் முழுதாக வளர்ந்தாலும் 2 சென்ரிமீற்றர் அளவுதான். பெரிய கண்ணி வலை போட்டவருக்கு அது இல்லாத மீன்.

அதைவிடப் பெரிய பிழை நேரத்தில் நிகழ்கிறது. பகலில் சிறு வெள்ளி மீன்களும் குஞ்சுகளும் அகப்படும். இருட்டிய பின், பறவைகளின் தொல்லை குறைந்ததும், ஆழத்திலிருந்த கெளுத்திகளும் மின்புலத்தால் வழியறியும் கத்திமீன்களும் ஆழமற்ற கரைக்கு வருகின்றன. மணல் கத்திமீன் பகல் முழுவதும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். வலை அதன் மேலாகவே போய்விடும். மணலை அள்ளிச் சலித்தால்தான் கிடைக்கும். (இரவில் இறங்குவோர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது நல்லது. நன்னீர்த் திருக்கைகளும் மணலில்தான் படுத்திருக்கும்.)

எண்ணிக்கை முயற்சியைப் பொறுத்தது என்பதற்கு இந்த ஆறே சான்று. இயற்கையியலாளர் வாலஸ் 1850–52 காலத்தில் இங்கே வரைந்த 200க்கு மேற்பட்ட மீன் ஓவியங்கள், திரும்பும் வழியில் கப்பல் எரிந்தபோது தப்பி, 2002இல்தான் நூலாயின. 1988இல் வெளியான கோல்டிங் குழுவினரின் நூல் 450க்கு மேற்பட்ட இனங்களைப் பதிவுசெய்தது. ஆற்றுப்படுகையின் பிரேசில் பகுதிக்காக 2019இல் வந்த பட்டியலில் 1,165 இனங்கள். மீன் திடீரெனப் பெருகவில்லை. தேடிய இடங்களும் ஆட்களும் கூடின.

மணல் அகழ்வுக்கோ அணைக்கோ முன்னர் வரும் சுற்றாடல் அறிக்கைகளில் “மீன் வளம் குறைவு” என்ற வரி இருந்தால், கண்ணி எவ்வளவு, இரவில் வலை இழுத்தார்களா, எந்த மாதம் என்று பார்ப்பது அவசியம். இலங்கை ஆறுகளுக்கும் இது பொருந்தும். மணலில் புதையும் அயிரைகள் இங்கும் உண்டு.

நீர்மட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் மனாவுஸ் அளவுகோல் 12.70 மீற்றருக்கு இறங்கி, அதுவரையான மிகக் குறைந்த அளவைப் பதிவுசெய்தது. மறு ஆண்டு அதையும் விடக் கீழே போனது. வழமையாக நீருக்குள் இருக்கும் மணலெல்லாம் அப்போது கரையானது. அந்த ஆண்டுகளின் கணக்கை முந்தைய கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது.